எட்னா ரோஸ்ஸோவும் நெரெல்லோ மஸ்கலேஸே திராட்சையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலியின் சிசிலித் தீவில், கிழக்குக் கடற்கரையை ஒட்டி நிற்கிறது எட்னா எரிமலை. உயரம் 3,300 மீட்டருக்கு மேல். இன்றைக்கும் புகைகிற, அவ்வப்போது குமுறுகிற மலை. அதன் சரிவுகளில் விளைகிற சிவப்பு ஒயின்தான் எட்னா ரோஸ்ஸோ. கடைக்காரர்களும் விளம்பரங்களும் ‘எரிமலை ஒயின்’ என்ற ஒரே பேரை வைத்து இதை விற்றுவிடுகிறார்கள். அந்தப் பேரைக் கேட்டு வாங்கியவர்கள் கேட்கிற கேள்விகளையும், வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் கேட்கிற கேள்விகளையும் இங்கே சேர்த்திருக்கிறேன். இந்த ஒயினைப் புரிந்துகொள்ள நெருப்பைவிட உயரமும் குளிரும் வயதான செடிகளும்தான் அதிகம் உதவும் என்பது என் கட்சி. பதில்களில் அது அடிக்கடி தலைகாட்டும்.

எட்னா ரோஸ்ஸோ என்று எதைச் சொல்கிறார்கள்?

எட்னாவின் வடக்கு, கிழக்கு, தெற்குச் சரிவுகளில் வரையறுக்கப்பட்ட நிலத்தில் விளைந்த திராட்சையில் செய்த சிவப்பு ஒயின். வரைபடத்தில் பார்த்தால் அந்த நிலம் மலையைச் சுற்றி அரைவட்டமாக வளைந்து கிடக்கும். மேற்குப் பக்கம் அதில் வராது. இத்தாலியில் ஒரு ஒயின் எந்த ஊரில், எந்தத் திராட்சையில், எப்படி விளைய வேண்டும் என்று சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். டிஓசி என்று லேபிளில் போடுவது அதைத்தான். எட்னாவுக்கு அந்த அங்கீகாரம் 1968-இல் கிடைத்தது. சிசிலியில் முதலில் அதைப் பெற்றது எட்னாதான்.

சட்டப்படி இதில் குறைந்தது 80 சதவீதம் நெரெல்லோ மஸ்கலேஸே இருக்க வேண்டும். அதன் கூட்டாளியான நெரெல்லோ கப்புச்சோ 20 சதவீதம் வரை சேரலாம். வேறு உள்ளூர்த் திராட்சைகளுக்கு 10 சதவீதம் வரை இடமுண்டு, வெள்ளைத் திராட்சை உட்பட. சிவப்பு ஒயினில் வெள்ளைக்கு என்ன வேலை என்று தோன்றலாம். பழைய தோட்டங்களில் எல்லா வகையும் கலந்தே நட்டிருந்தார்கள், ஒன்றாகவே பறித்தார்கள். சட்டம் அந்தப் பழக்கத்துக்கு இடம் விட்டிருக்கிறது.

நெரெல்லோ மஸ்கலேஸே எப்படிப்பட்ட திராட்சை?

மலைக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் மஸ்கலி என்ற ஊர்ப் பகுதியின் பேரைத் தாங்கிய கறுப்புத் திராட்சை. மரபணுச் சோதனையில் இதன் பெற்றோர் தெரியவந்தார்கள்: ஒன்று மத்திய இத்தாலியின் பெரிய திராட்சையான சஞ்சோவேசே, இன்னொன்று கலாப்ரியா மாநிலத்தின் வெள்ளைத் திராட்சையான மான்தோனிகோ பியான்கோ. ஒரு வெள்ளை, ஒரு கறுப்பு. பிள்ளையின் நிறம் ஏன் இவ்வளவு வெளிர் என்பதற்கு அதில் பாதி விடை இருக்கலாம் என்று பலர் சொல்வதுண்டு. அவ்வளவு எளிதாக முடிச்சுப் போட முடியாது என்றுதான் நான் நினைக்கிறேன்.

இதன் குணத்தில் முக்கியமானது தாமதம். சிசிலியின் சமவெளிகளில் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே அறுவடை முடிந்துவிடும். எட்னாவில் நெரெல்லோ மஸ்கலேஸே அக்டோபர் நடுவில்தான் பழுக்கும், உயரமான தோட்டங்களில் நவம்பர் வரைகூட இழுக்கும். அதற்குள் மழை பிடித்துக்கொண்டால் ஒரு வருஷ உழைப்பு போச்சு. காத்திருக்கப் பொறுமையில்லாமல் முன்னதாகப் பறித்தால் துவர்ப்பு பச்சைக்காய் போல நாக்கைப் பிடிக்கும். ஆக, ஒவ்வொரு இலையுதிர் காலமும் இவர்களுக்கு வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற காலம்தான்.

நெரெல்லோ கப்புச்சோ எதற்கு?

மஸ்கலேஸேவுக்குத் துவர்ப்பும் புளிப்பும் நிறைய, நிறம் குறைவு. கப்புச்சோவில் நிறம் கூடுதல், துவர்ப்பு மென்மை. கொஞ்சம் சேர்த்தால் ஒயின் சாந்தமாகும். இப்போது பல தயாரிப்பாளர்கள் மஸ்கலேஸேவை மட்டும் வைத்தே செய்கிறார்கள். கப்புச்சோவைத் தனியாகப் பாட்டில் போடுபவர்களும் சிலர் உண்டு.

சிசிலி வெயில் தேசம். அங்கே இவ்வளவு வெளிர் நிறத்தில், புளிப்போடு ஒரு ஒயின் எப்படி?

உயரம்தான் காரணம். தோட்டங்களில் பெரும்பாலானவை 400 மீட்டரிலிருந்து 1,000 மீட்டர் வரை இருக்கின்றன. வெயில் சிசிலியின் வெயில்தான், ஆனால் சூரியன் சாய்ந்ததும் மலையிலிருந்து குளிர் இறங்கிவிடும். பகலில் திராட்சையில் இனிப்பு ஏறும், இரவில் குளிர் புளிப்பைக் காப்பாற்றும். இந்த ஏற்ற இறக்கம் வாரக்கணக்கில் நடப்பதால் வாசனை மெல்ல மெல்லக் கூடுகிறது. மழையும் தீவின் மற்ற இடங்களைவிட இங்கே அதிகம். கிழக்குச் சரிவில் மிலோ ஊர்ப் பக்கம் கடல் காற்று மோதி நிறையவே கொட்டும்.

மூன்று சரிவுகளுக்கும் மூன்று சுபாவம். வடக்கில் காஸ்திலியோனே தி சிசிலியா, ரந்தாத்ஸோ, லிங்குவாக்லோஸ்ஸா ஊர்களைச் சுற்றித்தான் பேர்பெற்ற சிவப்பு ஒயின்கள் அதிகம். அங்கே ஒயின் கட்டுக்கோப்பாக, துவர்ப்போடு இருக்கும். கிழக்கு, மழையும் மூடுபனியும் சேர்ந்து வெள்ளை ஒயினுக்கு உகந்த இடம். தென்கிழக்கில் வியாக்ராந்தே, த்ரேகஸ்தாஞ்ஞி பக்கமும், அதையும் தாண்டித் தென்மேற்கில் பியான்கவில்லா பக்கமும் வெயில் கூடுதல், ஒயினும் கொஞ்சம் திறந்த மனசோடு இருக்கும். எனக்கு வடக்குதான் பிடிக்கும். ஆனால் தெற்கை ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அங்கே நல்ல தோட்டங்களின் ஒயின்கள் பேர் இல்லாத காரணத்தாலேயே குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன.

எரிமலை மண் என்பதால் ஒயினில் புகை, கந்தக வாசனை வருமா?

வராது. வேர்கள் பாறையின் சுவையை உறிஞ்சி பழத்துக்கு அனுப்புவதில்லை. புகை வாசனை வந்தால் அது பெரும்பாலும் தீயில் வாட்டிய மரப் பீப்பாயிலிருந்து வந்ததாக இருக்கும். எட்னாவின் சிவப்பு ஒயினில் ‘சாம்பல் மணம்’ என்று எழுதுகிறவர்கள் கையிலுள்ள லேபிளைப் பார்த்து எழுதுகிறார்கள் என்றே எனக்குத் தோன்றும்.

மண் வேலை செய்வது வேறு விதத்தில். எட்னாவில் ஒரே மண் கிடையாது. ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு திசையில் லாவா ஓடியிருக்கிறது, ஆறியிருக்கிறது, பொடிந்திருக்கிறது. 300 வருஷத்துக்கு முன் ஓடியதன் மேல் இன்னும் புதரும் கல்பாசியும்தான் இருக்கும். பல்லாயிரம் வருஷப் பழையது மணலாகிக் கறுப்புத் தூளாய்க் கிடக்கும். மேலே மலை துப்பிய சின்னச் சின்ன நுரைக்கல். இதை ஊர்க்காரர்கள் ‘ரிப்பித்து’ என்பார்கள். கையில் அள்ளினால் எடையே தெரியாது, விரல் இடுக்கில் உதிர்ந்துவிடும். இந்த மண்ணில் தண்ணீர் நிற்காது, சரசரவென்று இறங்கிவிடும். செடி தண்ணீர் தேடி ஆழமாக வேர் விட வேண்டியிருக்கிறது, கொழுத்து வளர முடிவதில்லை. ஒரே தெருவின் இரண்டு பக்கத்துத் தோட்டங்களுக்குள் ஒயின் மாறுவது இதனால்தான்.

எரிமலை குமுறினால் தோட்டம் என்ன ஆகும்?

மூன்று சம்பவங்களைச் சொல்கிறேன். 1928 நவம்பரில் லாவா இறங்கி மஸ்கலி ஊரையே மூடியது. இந்தத் திராட்சைக்குப் பேர் கொடுத்த அதே ஊர். லாவா மெதுவாக வந்ததால் மக்கள் சாமான்களை, கதவு ஜன்னல்களைக்கூட, எடுத்துக்கொண்டு வெளியேற நேரம் கிடைத்தது. ஊர் பிறகு வேறு இடத்தில் நேர்நேரான தெருக்களோடு புதிதாகக் கட்டப்பட்டது. 1981 மார்ச்சில் வடக்குச் சரிவில் ரந்தாத்ஸோவுக்குப் பக்கத்தில் லாவா வேகமாக ஓடி, சாலையையும் ரயில் பாதையையும் அறுத்து, தோட்டங்களை விழுங்கி, கிட்டத்தட்ட அல்கன்தரா ஆறு வரை போனது. இன்றைக்கும் அந்த வழியே போனால், பச்சைத் தோட்டத்தின் நடுவில் கறுப்பாக உறைந்த ஒரு பெரிய ஓடை திடீரென்று வரும். இந்த உறைந்த லாவாவுக்கு ‘ஷாரா’ என்று பேர்.

லாவா மூடிய நிலம் பல தலைமுறைக்குத் திரும்ப வராது. ஆனால் அது அபூர்வம். அடிக்கடி வருகிற தொல்லை சாம்பல்தான். 2021-இல் மலை மறுபடி மறுபடி பொங்கியபோது கிழக்குப் பக்க ஊர்களில் கூரை, தெரு, தோட்டம் எல்லாவற்றின் மேலும் கறுப்பு மணல் மழையாய்க் கொட்டியது. பழுத்த குலையின் மேல் கூரான தூள் விழுந்தால் தோல் கீறும், கழுவித்தான் எடுக்க வேண்டும். ஆனாலும் ஊர்க்காரர்கள் எட்னாவை அம்மா முறையில்தான் பேசுகிறார்கள். அவர்களுக்கு அவள் ‘முந்தாஞ்ஞா’, அதாவது மலை, பெண்பாலில்.

அல்பெரெல்லோ முறை என்கிறார்களே, அது என்ன?

நம் கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சையைப் பந்தல் போட்டுப் படர விடுவதைப் பார்த்தவர்களுக்கு இது வித்தியாசமாக இருக்கும். இங்கே பந்தலும் இல்லை, கம்பியும் இல்லை. ஒவ்வொரு செடியும் தனியாக ஒரு குட்டி மரம் போல நிற்கும். பக்கத்தில் செஸ்ட்நட் மரத்தில் வெட்டிய ஒரு கொம்பு. மலையின் மேலே அந்த மரக்காடுகள் இருப்பதால் கொம்புக்குப் பஞ்சமில்லை. அடிமரம் முறுக்கிப் பிழிந்த துணி போல இருக்கும், உச்சியில் இரண்டு மூன்று கைகள், ஒவ்வொன்றிலும் கவாத்து செய்து விட்ட சில மொட்டுகள். கோடையில் தளிர்களைக் கொம்போடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். எல்லாப் பக்கமும் வெயில் படும், காற்று சுற்றி ஓடும்.

செடிகளை நேர்வரிசையில் நடாமல், நான்கு மூலையும் நடுவில் ஒன்றுமாக நெருக்கி நடுவார்கள். ஹெக்டேருக்கு எட்டாயிரம் ஒன்பதாயிரம் செடி வரும். டிராக்டர் உள்ளே நுழைய வழியில்லை. சரிவுகளில் சுண்ணாம்போ சிமென்டோ இல்லாமல் கறுப்புக் கல்லை அடுக்கிய படிச்சுவர்கள். நிலத்தைச் சுத்தம் செய்தபோது மிஞ்சிய கல்லையெல்லாம் தோட்டத்தின் நடுவிலேயே மேடை மேடையாகக் கட்டி வைத்திருக்கிறார்கள், சில வீட்டு உயரத்துக்கு. ஆக, மண் கொத்துவது, கவாத்து, கட்டுவது, பறிப்பது எல்லாமே கை வேலை. எட்னா ஒயின் ஏன் சிசிலியின் மற்ற ஒயின்களைவிட விலை கூடுதல் என்று கேட்பவர்களுக்கு முதல் பதில் இதுதான்.

கிழவிச் செடி ஒன்று செத்துப்போனால் அதற்கும் வழி உண்டு. பக்கத்துச் செடியின் நீண்ட கிளை ஒன்றை வளைத்து மண்ணுக்குள் பதியன் போடுவார்கள். அது வேர் பிடித்ததும் தாயிடமிருந்து அறுத்து விடுவார்கள். நூற்றாண்டு பழமையான தோட்டம் என்று சொல்வதில் பல செடிகள் இப்படி வந்த பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான்.

100 வயதுக்கு மேற்பட்ட செடிகள் இருப்பது உண்மையா? ஃபிலாக்ஸெரா பூச்சி எல்லாவற்றையும் அழித்துவிட்டதே?

ஃபிலாக்ஸெரா, வட அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்த, வேரைத் தின்னும் பூச்சி. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களைத் துடைத்து எடுத்தது. அதற்குப் பிறகு அமெரிக்க வேரில் ஐரோப்பியத் திராட்சையை ஒட்டுக் கட்டித்தான் எங்கும் நடுகிறார்கள். எட்னாவிலும் பூச்சி வந்தது, பெரும் சேதம் செய்தது. ஆனால் மணல் மண்ணில் அது பரவத் திணறும். அதனால் எட்னாவின் சில கறுப்பு மணல் துண்டுகளில் ஒட்டுக் கட்டாத, சொந்த வேரில் நிற்கும் செடிகள் தப்பின. வடக்குச் சரிவில் கல்தெராரா சொத்தானா என்ற இடத்தில் தெனூத்தா தெல்லே தெர்ரே நேரே நிறுவனம் அப்படி ஒரு துண்டின் திராட்சையைத் தனியாகப் பாட்டில் போடுகிறது. விலை எட்டாத உயரம். வாங்க முடியாவிட்டாலும் அப்படியொன்று இருக்கிறது என்று தெரிந்துகொள்வதே எனக்குச் சந்தோஷம்.

பால்மென்தோ என்றால்?

பழைய காலத்து ஒயின் ஆலை. லாவாக் கல்லில் கட்டிய, சரிவை ஒட்டிய கட்டடம். மேல் பக்கத்து ஜன்னல் வழியாகக் கூடையிலிருந்து திராட்சையைக் கொட்டுவார்கள். கீழே அகலமான கல் தொட்டியில் ஆட்கள் இறங்கிக் காலால் மிதிப்பார்கள். சாறு தானாகவே அடுத்த மட்டத் தொட்டிக்கு வழியும். திப்பியைக் குவித்து, அதன் மேல் முழு மரத்தையே நெம்புகோலாக வைத்த ராட்சத அழுத்தியை இறக்குவார்கள். மரத்தின் மறுமுனையில் திருகு, திருகின் அடியில் பெரிய பாறை. ஆட்கள் திருகைச் சுற்றச் சுற்றப் பாறை தரையிலிருந்து எழும்பும், அதன் கனம் மரத்தை இழுத்துத் திப்பியைப் பிழியும். பம்பு இல்லை, மோட்டார் இல்லை, மேலிருந்து கீழே எல்லாம் இறக்கம்தான்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் சுகாதார விதிகள் வந்த பிறகு விற்பனைக்கான ஒயினை இதில் செய்ய முடியாமல் போனது. பல பால்மென்தோக்கள் இடிந்து கிடக்கின்றன, சில வீடாகவும் உணவகமாகவும் மாறிவிட்டன. விதி வந்த காரணம் புரிகிறது. ஆனால் ஒரு ஊரின் முழுத் தொழில்நுட்ப அறிவும் ஒரு கையெழுத்தில் வேடிக்கைப் பொருளாகிவிட்டது எனக்கு வருத்தம்தான்.

இவ்வளவு பழமை என்றால், சமீபத்தில்தானே பேர் வந்தது? நடுவில் என்ன ஆயிற்று?

19-ஆம் நூற்றாண்டில் எட்னா ஒயின் கப்பல் கப்பலாகப் போனது. கரையிலுள்ள ரிபோஸ்தோ துறைமுகத்தில் பீப்பாய்கள் சேர்ந்து நிற்கும். வட இத்தாலிக்கும் பிரான்ஸுக்கும் மற்ற ஒயினோடு கலக்க மொத்தமாக அனுப்பினார்கள். பிரான்ஸின் தோட்டங்களைப் பூச்சி தின்றபோது இங்கே கிராக்கி ஏறியது. 1895-லிருந்து 1898-க்குள் மலையைச் சுற்றிச் சிர்க்கும்எத்னேயா என்ற குறுகிய ரயில் பாதையும் போட்டார்கள். ஆனால் அதற்கு முன்பே, 1880களின் இறுதியில் இத்தாலிக்கும் பிரான்ஸுக்கும் சுங்கவரிச் சண்டை வந்து பெரிய சந்தை மூடிக்கொண்டது. அப்புறம் பூச்சி இங்கேயும் வந்தது. பிறகு உலகப்போர்கள், அமெரிக்காவுக்கும் வடக்கு நகரங்களுக்கும் குடிபெயர்வு. மேல் படிகளை முதலில் கைவிட்டார்கள், காடு ஏறிக்கொண்டது. 1968-இல் டிஓசி கிடைத்தபோதும் பெரும்பகுதி ஒயின் பேரில்லாமல் மொத்தமாகத்தான் போனது.

மாற்றம் 1988-இல் தொடங்கியது என்று சொல்லலாம். மருந்துத் தொழிலில் இருந்த ஜுசெப்பே பெனாந்தி தன் குடும்பத்தின் பழைய ஒயின் தொழிலை மீட்டெடுத்தார். உள்ளூர்க்காரரான ஒயின் நிபுணர் சால்வோ ஃபோத்தி கூட நின்றார். ஃபோத்தி பிறகு ‘ஈ விஞ்ஞேரி’ என்ற பேரில் தோட்ட வேலையாட்களைத் திரட்டி, அல்பெரெல்லோ வேலை தெரிந்த கைகள் அழியாமல் பார்த்துக்கொண்டார். 1435-இல் கத்தானியா நகரில் இருந்த திராட்சைத் தொழிலாளர் சங்கத்தின் பேரை அவர் அதற்கு எடுத்துக்கொண்டார்.

2000-ஐ ஒட்டி வெளியாட்கள் வந்தார்கள். தஸ்கனியிலிருந்து அந்திரேயா ஃபிராங்கெத்தி, ஒயின் வணிகரான மார்க் தெ கிராத்ஸியா, பெல்ஜியத்திலிருந்து ஃபிராங்க் கொர்நெலிஸன். மூவருக்கும் மூன்று பாணி. ஃபிராங்கெத்தி 2008-இல் ‘லே கொன்த்ராதே தெல்லெட்னா’ என்ற வருடாந்திரச் சுவைக் கூடலைத் தொடங்கிவைத்தார். உலகப் பத்திரிகைகளின் கண் அதற்குப் பிறகுதான் முழுசாக இந்தப் பக்கம் திரும்பியது. வெளியாட்கள் வந்து எட்னாவைக் ‘கண்டுபிடித்தார்கள்’ என்று எழுதுவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அவர்கள் வாங்கிய தோட்டங்களில் செடி உயிரோடு இருந்ததே, லாபம் இல்லாத காலத்திலும் வருஷா வருஷம் கவாத்து செய்த கிழவர்களால்தான்.

லேபிளில் கொன்த்ராதா என்று ஒரு பேர் போட்டிருக்கிறதே?

ஊருக்குள் ஒரு நிலப்பகுதியின் பேர் அது, பழங்கால நிலப்பதிவில் இருந்தே வருவது. 2011-இல் சட்டத்தைத் திருத்தியபோது 133 கொன்த்ராதாக்களின் பேரை லேபிளில் போட அனுமதித்தார்கள். பிறகு எண்ணிக்கை 142 ஆனது. குவார்தியோலா, ரம்பாந்தே, ஃபெவூதோ தி மெத்ஸோ, சான்தோ ஸ்பிரித்தோ, ஷாரானுவோவா என்று வடக்கில் பேர்பெற்றவை பல. ரம்பாந்தே உயரத்தில் இருக்கிறது, ஒயின் மெலிந்து நிமிர்ந்து நிற்கும். ஃபெவூதோ தி மெத்ஸோ கீழே, பழச்சுவை முன்னால் வரும். கல்தெராரா சொத்தானாவில் கல் அதிகம், துவர்ப்பு இறுக்கம். ஒரே தயாரிப்பாளரின் இரண்டு கொன்த்ராதா ஒயினைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுவைத்தால் இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ரிசெர்வா, ‘தெர்ரே சிசிலியானே’ என்பதெல்லாம்?

எட்னா ரோஸ்ஸோ ரிசெர்வா குறைந்தது நான்கு வருஷம் முதிர வேண்டும், அதில் 12 மாதம் மரத்தில். ஹெக்டேருக்கு விளைச்சலும் 9 டன்னுக்குப் பதில் 8 டன்தான் அனுமதி.

‘தெர்ரே சிசிலியானே ஐஜிடி’ (டிஓசியைவிடத் தளர்வான விதி கொண்ட வட்டார வகை) என்று போட்டிருந்தால் தரம் குறைவு என்று நினைத்துவிட வேண்டாம். எல்லைக்கு வெளியே மிக உயரத்தில் விளைந்தாலோ, தயாரிப்பாளர் டிஓசி விதிக்குள் வர விரும்பாவிட்டாலோ அந்தப் பேரில்தான் விற்க முடியும். ஃபிராங்கெத்தியின் பாஸ்ஸோபிஷாரோ ஆலை ஒயின்கள் பலவும் கொர்நெலிஸனின் ஒயின்கள் பலவும் அப்படி வந்தவைதான்.

பர்கண்டி மாதிரி, பரோலோ மாதிரி என்கிறார்கள். சரியா?

ஓரளவு. நிறம் பிரான்ஸின் பர்கண்டி வட்டாரத்துப் பினோ நுவார் திராட்சை ஒயின் போல வெளிர், கண்ணாடிக் கோப்பையைத் தாண்டி விரல் தெரியும். துவர்ப்பும் புளிப்பும் வட இத்தாலியின் பியெமோந்தே மாநிலத்து நெபியோலோவை, அதாவது பரோலோவின் திராட்சையை, நினைவூட்டும். ஆனால் வாயில் போட்டால் புளிப்புச் செர்ரி, ரத்த ஆரஞ்சின் தோல், வெயிலில் காய்ந்த மூலிகை, கொஞ்சம் புகையிலை என்று தெற்கத்திச் சூடு ஒன்று தெரியும். இந்த ஒப்பீடுகள் விற்பவர்களுக்கு வசதி. இரண்டாவது பாட்டிலிலிருந்து அவை உங்களுக்குத் தேவைப்படாது.

எந்தச் சாப்பாட்டோடு?

அங்கே என்ன சாப்பிடுகிறார்களோ அதோடு. லிங்குவாக்லோஸ்ஸாவில் மரக்கட்டையின் மேல் கத்தியால் கொத்திச் செய்கிற பன்றித் தொத்திறைச்சி, மலைக் காளான், நெப்ரோதி மலையின் கறுப்புப் பன்றி, வறுத்த கத்தரிக்காயும் தக்காளியும் உப்பிட்ட ரிகோத்தா பாலாடைக்கட்டியும் சேர்ந்த கத்தானியாவின் நோர்மா பாஸ்தா. புளிப்பு இருப்பதால் தக்காளிக்குப் பயப்பட வேண்டாம். காரம் அதிகமான குழம்போடு மட்டும் வேண்டாம், துவர்ப்பும் மிளகாயும் சண்டை போடும்.

எப்படிப் பரிமாறுவது, எவ்வளவு நாள் வைக்கலாம்?

16 டிகிரி சுமார். வெப்பமான ஊரில் அறையில் இருந்த பாட்டிலை அப்படியே ஊற்றினால் சாராயக் காட்டம்தான் முதலில் வரும். அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள். அகலமான கோப்பை நல்லது. இளம் ஒயின் என்றால் ஒரு மணி நேரம் முன்பே திறந்து வேறு பாத்திரத்தில் மாற்றி வைக்கலாம்.

சாதாரண எட்னா ரோஸ்ஸோவை ஐந்தாறு வருஷத்துக்குள் குடித்துவிடுங்கள். நல்ல கொன்த்ராதா ஒயின், நல்ல வருஷத்ததானால், பத்து வருஷத்துக்கு மேலும் தாங்கும். 2014, 2016 இரண்டும் மெச்சப்பட்ட வருஷங்கள். வைத்திருக்கிற இடம் குளிர்ச்சியாக, இருட்டாக இல்லை என்றால் வைக்காதீர்கள். சமையலறை அலமாரி ஒரே கோடையில் ஒயினைக் கொன்றுவிடும்.

சைவ உணவுக்காரர்கள் குடிக்கலாமா?

திராட்சைச் சாறு சைவம்தான். ஆனால் ஒயினைத் தெளிய வைக்கச் சிலர் முட்டை வெள்ளைக்கரு, பால் புரதம், மீனிலிருந்து எடுக்கும் பசை சேர்ப்பார்கள். பிறகு வடிகட்டினாலும், உங்களுக்கு அது பிரச்சினை என்றால் லேபிளில் வீகன் குறியைப் பாருங்கள்.

சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லதாமே?

அதை நம்பிக் குடிக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2023-இல் மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்றே சொல்லிவிட்டது. எட்னா ரோஸ்ஸோவில் 13-லிருந்து 14.5 சதவீதம் வரை ஆல்கஹால் இருக்கும். குடிப்பவர்கள் ருசிக்காக, கொஞ்சமாக, சாப்பாட்டோடு. குடிக்காதவர்கள் தொடங்க இது காரணமாக வேண்டாம்.

நெரெல்லோ மஸ்கலேஸே வேறெங்கும் விளைகிறதா?

மெஸ்ஸினா ஜலசந்தியைப் பார்த்த சரிவுகளில் ஃபாரோ என்ற சின்ன டிஓசி இருக்கிறது. அங்கேயும் இதுதான் முதன்மைத் திராட்சை, நெரெல்லோ கப்புச்சோவும் நோசெராவும் கூடச் சேரும். கடலுக்கு அப்பால் கலாப்ரியாவிலும் உண்டு. எட்னாவிலேயே இதில் ரோஸ் ஒயினும் நுரைக்கும் ஒயினும் செய்கிறார்கள்.

போய்ப் பார்க்க முடியுமா?

தாராளமாக. மலையைச் சுற்றும் சிர்க்கும்எத்னேயா ரயிலில் ரந்தாத்ஸோ, பாஸ்ஸோபிஷாரோ, சொலிக்கியாத்தா ஊர்கள் பக்கம் போகலாம். ஞாயிறன்று வண்டி இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். ஆலைகளுக்குச் சொல்லிவிட்டுப் போங்கள், பல இடங்களில் குடும்பமே வேலை செய்வதால் அறுவடைச் சமயத்தில் நின்று பேச ஆள் இருக்காது. மே, ஜூன் மாதங்கள் நல்லது.

முதல் பாட்டில் எதை வாங்கட்டும்?

விலை உயர்ந்த கொன்த்ராதா ஒயினில் தொடங்க வேண்டாம். நம்பிக்கையான தயாரிப்பாளரின் சாதாரண எட்னா ரோஸ்ஸோ ஒன்றை வாங்குங்கள். பெனாந்தி, கிராச்சி, தெர்ரே நேரே, ஜிரோலமோ ருஸ்ஸோ என்று யாருடையதானாலும் சரி. மூன்று நான்கு வயதானதாக இருக்கட்டும். முதல் வாய்க்குத் துவர்ப்பாக, மெலிதாகத் தெரியலாம். சாப்பாடு முடியும் வரை கோப்பையில் கொஞ்சம் மிச்சம் வையுங்கள், அந்தக் கடைசி வாயை வைத்து முடிவு செய்யுங்கள். பிடித்திருந்தால் அடுத்தது அதே தயாரிப்பாளரின் ஒரு கொன்த்ராதா ஒயின்.